இரு முறை சென்றும் ஆள் இல்லை

அவரை எல்லாரும் அலமாரி என்றுதான் கூப்பிடுவார்கள். நகராட்சியில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். எந்தக் கோப்பு எந்த அறையில், எந்த அடுக்கில், எந்தக் கட்டுக்குள் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பட்டப்பெயர் காதில் விழுந்தால் முகத்தைச் சுளிப்பார், ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்து போவார். மனுஷன்தானே.

ஓய்வு பெற்று மூன்று வருஷம் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மறுபடியும் கூப்பிட்டு நாற்காலி போட்டது அந்தக் காப்பகத் திட்டம்தான். நகராட்சியும் ஒரு அறக்கட்டளையும் கைகோத்து ஆரம்பித்தது அது. பழைய தண்ணீர் வரி அலுவலகத்தின் மாடியை நகராட்சி ஒழித்துக் கொடுத்தது. அறக்கட்டளை ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் கொண்டுவந்தது. வேலை இதுதான்: ஊரில் ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் ஒரு ஜோடிக் கோப்பு. இடது பக்கம் அந்த வீட்டைப் பற்றி நகராட்சி எழுதி வைத்த தாள்கள். வலது பக்கம் அந்த வீட்டு சனங்கள் தாங்களாகக் கொண்டுவந்து தருகிற படங்கள், கடிதங்கள், பள்ளிச் சான்றிதழ்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஊரின் கதை முழுசாகத் தெரியும் என்பாள் ஒருங்கிணைப்பாளர். அறக்கட்டளைப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், தூசி பட்டால் வரிசையாக ஏழெட்டுத் தும்மல் போடுவாள், இருந்தும் இந்த வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவள்.

எட்டுத் தெரு முடிந்திருந்தது. ஒன்பதாவதாக எடுத்தது இப்போது இல்லாத ஒரு தெருவை. கால்வாயை ஒட்டி நாற்பத்து மூன்று வீடுகள் வரிசையாக இருந்த இடம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் சாலையை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள். குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு கொடுத்தார்கள். இடிப்பதற்கு முன் நடந்த ஆய்வில் காலி என்று எழுதப்பட்ட வீடுகளுக்கு ஒன்றும் இல்லை.

"அந்த வரிசை வேணாமே. தாளெல்லாம் நைஞ்சு கிடக்கு" என்று அலமாரி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. நைந்து கிடந்தால் முதலில் அதைத்தானே எடுக்க வேண்டும் என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தையல்காரி வந்தாள். நாற்பத்து மூன்று வயசு, கழுத்தில் அளவெடுக்கும் நாடா, கழற்ற மறந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு புகைப்படம். அதை மேஜைமேல் வைத்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை.

"கால்வாய் வரிசை, பதினேழாம் நம்பர் வீடு சார். எங்க வீடு. படத்தைத் தர்றேன். ஆனா எனக்கு ஒரு தகவல் வேணும்."

"சொல்லுங்க."

"எங்க வீட்டைக் காலின்னு எழுதிட்டாங்க. ஆய்வாளர் ரெண்டு தடவை வந்தாராம், ரெண்டு தடவையும் ஆள் இல்லையாம். அந்த ரெண்டு தேதி மட்டும் எனக்கு வேணும்."

அலமாரியின் பேனா அப்படியே நின்றது. ஒருங்கிணைப்பாளர்தான் கேட்டாள், தேதியை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று.

தையல்காரி சொன்னாள். அந்த மாசம் அவளுக்குக் காது வலி, பன்னிரண்டு வயசுப் பெண். அம்மா இரண்டு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், கதவைப் பூட்டிக்கொண்டு. மற்றபடி அம்மா வீட்டை விட்டு நகரவே இல்லை. அப்படியானால் ஆய்வாளர் அந்த இரண்டு நேரம் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். போய் முறையிட்டதற்கு, ஆய்வாளர் எழுதினது எழுதினதுதான் என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

"அதுலேர்ந்து எல்லாப் பழியும் அம்மா தலையில சார். பால் பொங்கி வழிஞ்சாக்கூட அண்ணன், 'உன்னை நம்பி வீட்டை விட்டா இப்படித்தான்'னு சொல்லும். சும்மா தமாஷுக்குத்தான் சொல்லும். அம்மா சிரிக்க மாட்டாங்க. முப்பத்தொரு வருஷமா வீட்டைப் பூட்டிட்டு எங்கயும் போறதில்ல. என் கல்யாணத்துக்குக்கூட, வீட்டுல யாராவது ஒரு ஆள் இருக்கணும்னு அவங்களே இருந்துட்டாங்க. அம்மா இல்லாமலேதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. என் காது வலிக்காகப் போனவங்க சார் அவங்க. அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு ரெண்டும் இன்னும் வச்சிருக்காங்க. உங்க தேதி வேறயா இருந்துச்சுன்னா..."

உறையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"தேடிப் பார்க்கிறேன்" என்றார் அலமாரி. குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

தேடுவதாவது! கோப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? பின்னறை, மூன்றாவது அடுக்கு, சிவப்பு நாடாக் கட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியும். எழுதியவரே அவர்தான்.

அவள் போனதும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டை அவிழ்த்தார். பதினேழு. "பூட்டிக் கிடக்கிறது. இரு முறை சென்றும் ஆள் இல்லை." முதல் தேதி எட்டு, நீல மையில். இரண்டாவது பதினான்கு, கறுப்பு மையில். ஒரே பேனாவில் எழுதினால் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் இல்லையா, அதற்காக. அலுவலகத்தில் எல்லா ஆய்வாளர்களும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்த காலம் அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள், சிரித்துக்கொண்டே.

எட்டாம் தேதி அவர் அந்த வரிசைக்குப் போனது நிஜம். பதினோராம் நம்பர் வீடு வரைக்கும் ஒழுங்காகத்தான் கதவைத் தட்டி எழுதினார். அதற்கப்புறம் பாதை சேறாக இருந்தது. முந்தின நாள்தான் புது ஷூ வாங்கியிருந்தார், பழுப்பு நிறம், நல்ல பளபளப்பு. சேற்றைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், திரும்பிவிட்டார். மிச்சம் பன்னிரண்டு வீடு கால்வாய் வளைவு வரைக்கும், அதற்கப்பால் உள்ளதெல்லாம் வேறொருவர் பொறுப்பு. அந்தப் பன்னிரண்டையும் மேஜையிலேயே முடித்தார். தண்ணீர்க் குழாய்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, குழாய் இருந்த வீட்டுக்கெல்லாம் அதிலிருந்த பெயரைப் போட்டுக் குடியிருப்பு என்று எழுதினார். குழாய் இல்லாத வீட்டுக்குப் பெயர் தெரியாதே. அதனால் பூட்டிக் கிடக்கிறது.

அவ்வளவுதான் விஷயம். ஒரு ஜோடி ஷூ. இதை யாரிடம் போய்ச் சொல்வது? லஞ்சம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால்கூடக் கேட்கிறவன் ஒரு காரணம் என்று ஒத்துக்கொள்வான். அவருக்குத் தன் காலைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அடுத்து அவர் செய்ததை எழுதவே கை கூசுகிறது. அந்த ஒற்றைக் கோப்பை உருவி, சாக்கடை தூர்வாரிய கணக்குகளின் கட்டுக்குள் செருகினார். காப்பகத்தில் வேலை பார்க்கிறவன் ஒரு தாளைக் கிழிப்பதற்குச் சமம் அதை இடம் மாற்றி வைப்பது. அவரே எத்தனையோ பேரை அதற்காகக் காய்ச்சி எடுத்திருக்கிறார்.

"கிடைக்கலம்மா" என்றார், வெளியே வந்து.

"அலமாரிக்கே கிடைக்கலையா?" ஒருங்கிணைப்பாளர் வாய்விட்டுச் சிரித்தாள். "விடுங்க சார், நானும் தேடுறேன்."

தேடினாள் பாவி. நான்கு நாள். ஏணி போட்டு ஏறி, கட்டுக் கட்டாக இறக்கி, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தும்மித் தும்மிக் கண் சிவந்து போய்த் தேடினாள். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். இல்லாத இடமாகப் பார்த்துக் காட்டினார். "நீங்க வயசானவர், தூசியில நிக்காதீங்க" என்று தனக்கு வாங்கி வைத்திருந்த முகக்கவசத்தை அவரிடம் நீட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. வாங்கிப் போட்டுக்கொண்டார். முகத்தில் பாதி மறைந்ததே, அந்தமட்டுக்கும் நல்லது.

ஐந்தாம் நாள் அவள் தேடுவதை நிறுத்திவிட்டுப் புகைப்படத்தை ஸ்கேன் செய்தாள். "சார், இங்க வாங்களேன்! ஒரு வேடிக்கை காட்டுறேன்."

திரையில் படம் பெரிதாக நின்றது. திறந்த கதவு. வாசற்படியில் நாற்பத்து மூன்று வயசுப் பெண்ணொருத்தி, இப்போதைய தையல்காரியின் அதே முகம், பக்கத்தில் காதில் பஞ்சு வைத்த சிறுமி. கேமரா வாங்கிய புதிதில் அண்ணன் எடுத்த படமாம். ஒருங்கிணைப்பாளர் கதவுக்கு உள்ளே இருந்த இருட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். சுவரில் தினமும் தாள் கிழிக்கிற காலண்டர். கட்டை எழுத்தில் மாசமும் தேதியும். பதினான்கு.

"அதே மாசம் சார்! எழுந்ததும் அம்மா முதல்ல கிழிக்கிறது காலண்டரைத்தான்னு அந்தம்மா சொன்னாங்க. ஃபைல் மட்டும் கிடைச்சிருந்தா ஒத்துப் பார்த்திருக்கலாம். என்ன துரதிருஷ்டம் பாருங்க."

அலமாரி படத்திலிருந்த அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு. அந்தத் தேதியைத்தான் அவர் கறுப்பு மையில் போட்டு, ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார்.

"போறதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க." ஒரு படிவத்தை நீட்டினாள். "கோப்பு தேடியும் கிடைக்கவில்லைன்னு. நீங்க போட்டாத்தான் செல்லும். அந்தம்மா மத்தியானம் வர்றாங்க, பாவம், இல்லன்னு சொல்லி அனுப்பணும்ல."

பேனாவையும் அவளே கையில் கொடுத்தாள். கறுப்போ நீலமோ, அவர் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் முனையை வைத்தார். ஒரு புள்ளி விழுந்தது. போட்டுவிட்டால் தீர்ந்தது. சாகிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. தையல்காரியின் அம்மா மட்டும் சாகிற வரைக்கும் கதவோரமே உட்கார்ந்திருப்பாள்.

"அது இருக்கு" என்றார்.

"எது சார்?"

"ஃபைல். நான்தான் ஒளிச்சு வச்சேன்."

அவள் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் உள்ளே போய்த் தூர்வாரும் கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து அவள்முன் வைத்ததும் சிரிப்பு நின்றது. படித்தாள். தேதியைப் படித்தாள். திரையைப் பார்த்தாள். கீழே இருந்த கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இது..."

"என்னோடதுதான்."

ஷூவையும் சேற்றையும் குழாய்ப் பட்டியலையும் எல்லாவற்றையும் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை. அவள் கேட்டது வேறு.

"குழாய் இல்லாத வீடு இன்னும் எத்தனை சார்?"

"இதோட நாலு."

"மத்த மூணு வீட்டுக்காரங்க எங்கே?"

முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கேள்வி அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. "தெரியாது" என்றார். தனக்காகத்தான் இவ்வளவு நேரமும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பழைய தாளைத் தொடக் கூடாது" என்றாள் அவள், நிதானமாக. "அது அப்படியே இருக்கட்டும். நீங்க நடந்ததை எழுதிக் குடுங்க. கோப்புல சேர்த்துடலாம்."

"அதை யார் வேணாலும் படிக்கலாமா?"

"காப்பகம்னா அதுதானே சார்."

எழுதினார். முதல் தடவை ஒன்றரைப் பக்கம் வந்தது. அக்காலத்து வேலைப் பளு, மேலதிகாரியின் அவசரம், பருவமழை. அவள் படித்துவிட்டு, "மேலதிகாரி போக வேணாம்னு சொன்னாரா?" என்றாள். இல்லை. "அப்ப அதை எடுத்துடுங்க." இரண்டாவது தடவை மழையும் போயிற்று. மூன்றாவது தடவை நாலே வரி மிஞ்சியது. "நான் அந்த வீட்டுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. பாதை சேறாக இருந்ததால் திரும்பிவிட்டேன். இரு தேதிகளையும் மேஜையில் அமர்ந்து எழுதினேன். அந்த வீட்டில் ஆள் இருந்தார்கள்." கையெழுத்துப் போட்டார். அது அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை, இன்னொரு தரம் போட வேண்டியதாயிற்று.

மத்தியானம் தையல்காரி வந்தபோது நகலை அவளிடமே கொடுத்துவிட்டுக் கம்பி நீட்டியிருக்கலாம். அப்படித்தான் செய்ய நினைத்தார். ஆனால் அவள் படித்து முடித்துவிட்டுக் கத்தவில்லை, அழவில்லை. "இதை நான் போய்ச் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். அப்போதும் அவரை "சார்" என்று ஒரு தடவை கூப்பிட்டாள், உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. அவள் பின்னால் நடந்தார். கதவை அவர் ஒரு தட்டுத்தான் தட்டினார். இரண்டாவது தட்டுக்குக் கை ஓங்குவதற்குள் திறந்துகொண்டது. திறந்தது அந்த அம்மாள். எழுபத்து நாலு வயசு, மூச்சு வாங்கியது. கதவுக்குப் பக்கத்திலேயே அவளுடைய நாற்காலி.

"வாங்க, வாங்க. ஆள் இருக்கோம்" என்றாள்.

உள்ளே அண்ணன்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஐம்பதைத் தாண்டிய ஆள். யார் இவர் என்று தங்கையைப் பார்த்தார். உட்காரச் சொன்னார்கள். அலமாரி உட்காரவில்லை. நின்றபடியே, மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வரியைச் சொன்னார். மனப்பாடம் செய்தது பாதியில் போய்விட்டது. மீதியை எப்படியோ சொன்னார், ஷூவைப் பற்றியும் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் அதை மட்டும் விழுங்கிவிட மனசு வரவில்லை.

அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வரவே இல்லையா, தம்பி?"

"வரலம்மா."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்பகூட?"

"எப்பவுமே வரலம்மா. நீங்க வீட்டுல இருந்தாலும் இல்லாட்டியும் அப்படித்தான் எழுதியிருப்பேன்."

அண்ணன்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். "சரி விடுங்க சார், நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பழங்கதையை இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். அவருடைய கண் அம்மாவின் பக்கம் போயிற்று, சட்டென்று தட்டுக்குத் திரும்பிவிட்டது. அந்த மனுஷருக்கும் அலமாரிக்கும் அப்போது ஒரே நிலைமைதான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.

"அம்மா, நான் ஏதோ தமாஷுக்கு..." என்றார் அண்ணன்காரர், மெதுவாக.

"தெரியும்டா" என்றாள் அவள். குரலில் கோபமில்லை. அதுதான் இரண்டு பேரையும் குத்திக் கிழித்தது.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார் அலமாரி. அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். எழுந்தாள். மூலையில் கிடந்த செருப்பைக் காலால் இழுத்து மாட்டிக்கொண்டாள். அதன் வார் புதுசாகவே இருந்தது.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்றாள் தையல்காரி, பதறிப்போய்.

"தெருக்கோடி வரைக்கும் போகலாம் வா. கடையெல்லாம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரலாம்." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். இறங்கியவள் நின்று திரும்பி, தன் நாற்காலியைக் காட்டினாள்.

"தம்பி, நான் வர்ற வரைக்கும் நீங்க அதுல உட்காருங்க. யாராவது வந்து கேட்டா ஆள் இருக்குன்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் சந்து திரும்பி மறையும் வரை அலமாரி நின்று பார்த்தார். அவள் மெல்லத்தான் நடந்தாள், ஆனால் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு அகலத் திறந்து கிடந்தது. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. அவர்கள் வரவில்லை.

"நீங்க கிளம்புங்க சார்" என்றார் அண்ணன்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் வீட்டுலதானே இருக்கேன், பார்த்துக்கிறேன்."

"இல்லங்க" என்றார் அலமாரி. "என்னைத்தான் இருக்கச் சொல்லிட்டுப் போனாங்க."